ஊரோடு ஒத்துப்போன ஒரு புது வீடு

டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அவருக்கு முதலில் பெயர் வாங்கிக் கொடுத்தது மாளிகை இல்லை. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் அவர் கட்டிய கிராமத்துப் பாணி வீடுகள்தான். அதில் முக்கியமானது, காடல்மிங் ஊருக்குப் பக்கத்தில் 1896-97இல் கட்டிய மன்ஸ்டெட் வுட்.

வீட்டுக்காரர் கெர்ட்ரூட் ஜீக்கில், பெயர்பெற்ற தோட்டக்கலைஞர். 1889இல் இருவரும் சந்தித்தபோது அந்த அம்மாவுக்கு வயது 45, லட்யன்ஸுக்கு 20. சின்னக் குதிரைவண்டியில் கிராமம் கிராமமாகச் சுற்றிப் பழைய குடிசைகளையும் பண்ணை வீடுகளையும் பார்த்தார்கள். அதுதான் லட்யன்ஸுக்குப் பள்ளிக்கூடம்.

அந்தக் காலத்தில் பழைய பாணி வீட்டுக்கு அங்கே பஞ்சமில்லை. காடல்மிங்குக்கு 1849இலேயே ரயில் வந்துவிட்டது. லண்டன் பணக்காரர்கள் வந்தார்கள். வேல்ஸ் நாட்டுப் பலகைக்கல்லும் ரயிலேறி ஊர் ஊராகப் போனது. செங்கல் சுவர்மேல் கறுப்புப் பலகைகளை ஒட்டி, நானூறு வருஷத்து வீடு மாதிரி காட்டுவதும் நடந்தது. அந்தப் பலகை எதையும் தாங்காது, சும்மா வேஷம்.

மன்ஸ்டெட் வுட்டில் நடந்தது வேறு. சுவர் அந்த மண்ணிலேயே கிடைக்கும் பார்கேட் கல். உத்தரமெல்லாம் அக்கம்பக்கத்தில் வளர்ந்த ஓக் மரம்; அது நிஜமாகவே பாரம் தாங்குகிறது. மேலே சரிவான ஓட்டுக் கூரை, உயரமான புகைபோக்கிகள். உள்ளூர்க் கல்லும் மரமும் என்றால், அதில் கைப்பழக்கம் உள்ள கொத்தனாரும் தச்சரும் வேண்டும். ஊரின் சாயல் வீட்டுக்கு வந்தது அவர்கள் கைவழியாகத்தான்.

இது எந்தப் பழைய வீட்டின் நகலும் இல்லை என்பதை 1900இல் வெளிவந்த தன் புத்தகத்தில் ஜீக்கிலே தெளிவாகச் சொல்கிறார். அந்த வட்டாரத்து வீடுகளின் பொதுவான குணங்கள் இதில் உண்டு, அவ்வளவுதான். பழசு மாதிரி நடிப்பதும் பழசிடம் கற்றுக்கொள்வதும் ஒன்றல்ல.

இதில் ஒரு முரண் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த வீடு எந்தக் குடிசைகளைப் பார்த்துக் கற்றதோ, அவை கூலிக்காரர்களின் வீடுகள். இப்படி ஒன்றை அவர்களால் கட்டியிருக்க முடியாது. அவர்களுடைய வீடும் தட்டுமுட்டுச் சாமான்களும் மறைந்துகொண்டிருந்ததைப் பார்த்துத்தான், ஜீக்கில் 1904இல் அவற்றைப் புகைப்படங்களோடு ஒரு நூலாகப் பதிவு செய்தார். கிராமத்து அழகைக் காப்பாற்றிய பணம்தான் கிராமத்தையும் மாற்றிக்கொண்டிருந்தது.

2023இல் நேஷனல் டிரஸ்ட் இந்த வீட்டை வாங்கியது. அன்றைக்குப் புதுசாகக் கட்டியது, இன்றைக்குப் பாதுகாக்க வேண்டிய பழசு. பழைய பாணியில் கட்ட நினைக்கிறவர்கள் தூண், வளைவு என்று பட்டியல் போடும் முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த ஊரில் எந்தக் கல் கிடைக்கும், அதைச் செதுக்கத் தெரிந்தவர் யார் இருக்கிறார்?