உதறினாலும் உதிராத மண்

போன வாரம் பள்ளக்காட்டுல களை பிடுங்கும்போது ஒரு கம்புப் பயிரும் சேர்ந்து வந்துடுச்சு. வேரைச் சுத்தி உறை போட்ட மாதிரி மண். உதறினேன், உதிரல. மனசுக்கு நிறைவா இருந்தது. காரணம் 2016.

அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது உங்களுக்கும் நினைவிருக்கும். எங்க மேட்டுக்காட்டுல அப்பத்தா காலத்திலிருந்தே ஆட்டுக்கிடை போடுவோம். பள்ளக்காட்டுல நான் பல வருஷமா டிஏபியை மட்டும் நம்பினேன். ஈரம் தங்க வேண்டிய பள்ளக்காடு கதிர் பிடிக்காமலே காய்ந்தது. மேட்டுல பாதி விளைச்சலாவது வீடு வந்தது. பிடுங்கிப் பார்த்தால் பள்ளக்காட்டு வேர் கழுவி வச்ச மாதிரி இருக்கு. மேட்டுக்காட்டு வேரில் மண் அப்பியிருக்கு.

அந்த மண்ணின் கதையைத் தேடினால் ஜெர்மனிக்குப் போகுது. மண்ணுக்கடியில் விளையும் டிரஃபிள் காளானை வளர்க்க வழி தேடச் சொன்னது பிரஷ்ய அரசு. அந்த வேலையில் இறங்கிய பிராங்க் என்ற தாவரவியலாளர், மரங்களின் வேர்நுனிகளைப் பூஞ்சை போர்த்தியிருப்பதைக் கண்டார். அது நோயில்லை, மரத்துக்கு நீரும் சத்தும் ஊட்டும் கூட்டாளி என்று 1885-ல் எழுதினார். 'மைக்கோரைசா', அதாவது பூஞ்சைவேர், அவர் வச்ச பேர். 1904-ல் லோரன்ஸ் ஹில்ட்னர், வேரின் ஆளுகைக்குள் இருக்கும் மண்ணுக்கு 'ரைசோஸ்பியர்' என்று பேர் வச்சார். நம்ம பாஷையில வேர்மண்டலம். பயிர் நோயைத் தாங்குவது அங்கிருக்கும் நுண்ணுயிர்களைப் பொறுத்தது என்பது அவர் கணிப்பு.

விஷயம் இதுதான். இலை சமைக்கிற சர்க்கரையில் ஒரு பங்கைப் பயிர் வேர் வழியா மண்ணுக்கு விடுது. வேர் கசியும் பசை மண்துகளைச் சேர்த்துப் பிடிக்குது. வேருக்கும் ஈரத்துக்கும் தொடர்பு அறுந்து போகாது. வேர்த்தூவி நுழையாத சந்துக்குள்ளும் பூஞ்சை இழை போய் நீரும் மணிச்சத்தும் கொண்டு வருது. மணிச்சத்தை நாமே அள்ளிக் கொட்டினால் பயிர் பூஞ்சைக்குச் சோறு போடுவதைக் குறைச்சுக்கும். மழை பெய்யும்வரை அந்த நஷ்டம் தெரியாது.

டிஏபி மேலேயே முழுப் பழியும் போட மாட்டேன். கிடை மண்ணில் மக்கு அதிகம். அதுவும் ஈரம் பிடிக்கும். ஆனா 2017-லிருந்து பள்ளக்காட்டுக்கும் கிடைதான். போன வாரம் கையோடு வந்த மண் அதுக்குக் கிடைச்ச பதில்.

கத்தரி நாத்து பிடுங்கும் முன்னாடி நாத்தங்காலுக்குத் தண்ணி விடச் சொல்லும் அப்பத்தா. "தாய்மண் உதிரக் கூடாதுடா." அப்போ சிரிச்சேன். மாடியில தொட்டி வச்சிருக்கிறவங்க, நாத்து மாத்தும்போது வேரை உதறாதீங்க.