துண்டுச்சீட்டில் ஒரு கம்ப்யூட்டர்

என் மேசைக் கம்ப்யூட்டரின் பழைய பில்லைத் தேடி அப்பாவின் ஃபைலைத் திறந்தபோது கிடைத்தது வேறொரு சீட்டு. 2001ஆம் வருஷம் ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் எழுதிக் கொடுத்த கொட்டேஷன். கார்பன் நகல், நீல மை பாதி மங்கிவிட்டது. மதர்போர்டு, செலரான் ப்ராசஸர், 64 எம்பி ராம், 20 ஜிபி ஹார்ட் டிஸ்க், ஃப்ளாப்பி டிரைவ், கேபினெட், கீபோர்டு, மவுஸ், 15 இன்ச் மானிட்டர். ஒவ்வொன்றுக்கும் எதிரே தனித்தனி விலை. கீழே கூட்டல்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா சொசைட்டியில் லோன் போட்டிருந்தார். அவர் அந்தச் சீட்டை மளிகைக்கடை லிஸ்ட்டைப் படிப்பதுபோலவே படித்தார். "இந்த ராம்ங்கிறது 128 போட்டா எவ்வளவுங்க?" என்றார். கடைக்காரர் சொன்னார். "அப்ப 64 போதும். பின்னாடி சேத்துக்கலாம்ல?" "தாராளமா சேத்துக்கலாம் சார், ஸ்லாட் காலியாத்தான் இருக்கு." அந்த ஒரு பதிலில்தான் வியாபாரம் முடிந்தது. டிவி வாங்கும்போதோ மிக்ஸி வாங்கும்போதோ யாரும் அப்பாவிடம் அப்படிச் சொன்னதில்லை.

பில்லைத் தேடியதற்குக் காரணம் இருந்தது. 2017இல் நானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த என் கம்ப்யூட்டர் ஒரே மாதத்தில் இரண்டு இடத்திலிருந்து ஓய்வு ஆணை பெற்றது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதே அக்டோபரோடு, ஜி.டி.எக்ஸ் 1050 டிஐ உள்ளிட்ட பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளுக்குப் புது விளையாட்டுகளுக்கேற்ற டிரைவர்கள் தருவதை என்விடியா நிறுத்தியது. இனி மூன்று மாதத்துக்கொருமுறை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும், அதுவும் 2028 அக்டோபர் வரை. அப்பாவிடம் சொன்னேன். "என்னடா, ரெண்டும் ஒரே மாசத்துல ரிட்டயர் ஆகுதா? பென்ஷன் உண்டா?" என்றார்.

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்பா அதில் செய்தி படிப்பார், யூடியூப் பார்ப்பார், வருஷத்துக்கொருமுறை லைஃப் சர்டிஃபிகேட் வேலை. நான் எழுதுவது அதில்தான். சனி ஞாயிறுகளில் அக்கா பையன் வந்து வாலரண்ட் ஆடுவான். மொத்த பட்ஜெட் 25,000 ரூபாய் என்று முடிவு செய்துகொண்டு, ஒரு தாளில் மதர்போர்டு, ப்ராசஸர், ராம் என்று எழுத ஆரம்பித்தபோதுதான் உறைத்தது. இருபத்து நாலு வருஷத்துக்கு அப்புறமும் நான் அந்தக் கடைக்காரர் எழுதிய அதே சீட்டைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டரை லிஸ்ட்டாக எழுத முடிகிறது, அதில் ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு வேறு எழுத முடிகிறது. இது எங்கிருந்து வந்தது?

ஐபிஎம்மின் அவசரத்திலிருந்து வந்தது. பெரிய இயந்திரங்கள் செய்த ஐபிஎம் தன் உதிரிபாகங்களைத் தானே செய்துகொள்ளும் நிறுவனம். 1980இல் சிறிய கம்ப்யூட்டர் சந்தை கைவிட்டுப்போவதைப் பார்த்து, ஃப்ளோரிடாவின் போகா ராடனில் ஒரு சின்னக் குழுவிடம் ஒரே வருஷத்தில் ஒன்றைச் செய்து தரச் சொன்னது. வீட்டு வழக்கப்படி செய்தால் பல வருஷம் ஆகும். அதனால் கடையில் கிடைப்பதை வாங்கிக் கோத்தார்கள். ப்ராசஸர் இன்டெல்லின் 8088. இயங்குதளம் மைக்ரோசாஃப்டுடையது, அதையும் மற்றவர்களுக்கு விற்கும் உரிமையை மைக்ரோசாஃப்டே வைத்துக்கொண்டது. 1981 ஆகஸ்ட் 12 அன்று அறிமுகமான ஐபிஎம் பிசியின் அடிப்படை விலை 1,565 டாலர், மெமரி 16 கேபி. உள்ளே 5 ஸ்லாட்டுகள். வெளியார் கார்டு செய்து அவற்றில் செருக வேண்டும் என்பதற்காகச் சர்க்யூட் வரைபடங்களையும், பயாஸ் என்கிற தொடக்க நிரலின் முழு வரிகளையும் கையேடாக அச்சிட்டு விற்றார்கள்.

ஸ்லாட் யோசனை ஐபிஎம்முடையது அல்ல. 1977இல் வந்த ஆப்பிள் 2இல் 8 ஸ்லாட்டுகள் இருந்தன. இரண்டு போதும் என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ், எட்டு இல்லையென்றால் வேறு கம்ப்யூட்டர் பார்த்துக்கொள் என்று பிடிவாதம் பிடித்தார் வோஸ்னியாக். 1984 மேகின்டாஷில் ஜாப்ஸ் நினைத்தது நடந்தது: ஸ்லாட்டே இல்லை, 128 கேபி மெமரி போர்டோடு பற்றவைக்கப்பட்டிருந்தது, பெட்டியைத் திறக்கவே நீளமான தனி ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். மேகின்டாஷ் அழகான இயந்திரம், மறுக்கவில்லை. ஆனால் அதை ஒருபோதும் சீட்டில் எழுதியிருக்க முடியாது, ஒரே ஒரு வரிதான் இருந்திருக்கும்.

ஐபிஎம்மின் பயாஸ் நிரலுக்குக் காப்புரிமை இருந்ததால் அதை மட்டும் அப்படியே நகலெடுக்க முடியாது. டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸிலிருந்து விலகிய மூன்று பேர் தொடங்கிய காம்பேக் நிறுவனம் இதற்கு வழி கண்டுபிடித்தது. ஐபிஎம் நிரலைப் படித்தவர்கள், அது என்ன செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அதைக் கண்ணாலேயே பார்க்காதவர்கள் புதிதாக நிரல் எழுதினார்கள். வரி வேறு, வேலை ஒன்று. மென்பொருள்காரனாக எனக்கு இந்தக் கட்டம் எப்போதும் சிலிர்ப்பைத் தரும். படிக்காமலிருப்பதற்காகச் சம்பளம் வாங்கிய புரோகிராமர்கள்! 1982 நவம்பரில் காம்பேக் தன் நகலை அறிவித்தது. 1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் இதே முறையில் எழுதிய பயாஸை யாருக்கு வேண்டுமானாலும் விற்க ஆரம்பித்ததும், கம்ப்யூட்டர் செய்வதற்குப் பெரிய நிறுவனமாக இருக்கவேண்டிய அவசியம் போய்விட்டது. இரண்டு மேசையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் போதும்.

ஐபிஎம் கதவை மூடப் பார்க்காமலில்லை. 1987இல் பிஎஸ்/2 வரிசையில் மைக்ரோ சேனல் என்ற புதிய ஸ்லாட்டைக் கொண்டுவந்தது. தொழில்நுட்பமாகச் சிறந்தது. ஆனால் மற்றவர்கள் பயன்படுத்த உரிமக் கட்டணம், அதைவிட முக்கியமாக, பழைய கார்டு எதுவும் அதில் நுழையாது. மறுவருஷமே காம்பேக்கும் இன்னும் எட்டு நிறுவனங்களும் சேர்ந்து பழைய கார்டுகளும் நுழையும்படி எய்சா என்ற மாற்று ஸ்லாட்டை அறிவித்தன. எய்சாவும் பெரிதாக ஓடவில்லை என்பது வேறு விஷயம், 1992இல் இன்டெல்லின் பிசிஐ வந்து எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. ஆனால் மைக்ரோ சேனல் படுத்துவிட்டது. தான் பெற்ற பிள்ளையைத் தன்னாலேயே திரும்பக் கூப்பிட முடியாமல் போன ஐபிஎம், 2005இல் பிசி வியாபாரத்தையே லெனோவோவுக்கு விற்றுவிட்டு ஒதுங்கியது.

இந்த நெடுங்கதையின் ஒரு கிளைதான் மவுண்ட் ரோட்டிலிருந்து பிரியும் ரிச்சி தெரு. ரேடியோ பாகங்கள் விற்ற கடைகளுக்குக் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்பது புதிய தொழிலாகத் தோன்றியிருக்காது. வால்வு விற்றவர்கள், டிரான்சிஸ்டர் விற்றவர்கள், ராம் விற்றார்கள். 1997இல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தபின் சுங்கவரி படிப்படியாக இறங்கியது. அப்பா மாதிரி மாதச் சம்பளக்காரர் அந்தத் தெருவுக்குள் நுழைந்தது அந்த இறக்கத்தில்தான். அது கம்ப்யூட்டர் பிரியர்களுக்குப் பொற்காலம். 1998இல் வந்த செலரான் 300ஏ என்ற மலிவுச் சில்லின் பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450இல் ஓடும். நான்கரையால் பெருக்கிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் வந்த குவேக் விளையாட்டுக்காக எத்தனை பேர் 486ஐத் தூக்கிவிட்டு பென்டியம் வாங்கியிருப்பார்கள்! ஆஃபீஸ் வேலைக்காக யாரும் அவ்வளவு அவசரப்பட்டதில்லை. வீட்டில் "படிப்புக்கு" என்று சொல்லி வாங்கிய மெஷினை விளையாட்டுதான் அடுத்த கட்டத்துக்குத் தள்ளியது. எங்கள் வீட்டிலும் அந்தக் காலி ஸ்லாட் 2003இல் நிரம்பியது. அப்பாவிடம் நான் சொன்ன காரணம் சி ப்ளஸ் ப்ளஸ் கம்பைலர். உண்மைக் காரணம் கிரிக்கெட் விளையாட்டு.

கதவுகள் பின்னர் ஓசையில்லாமல் மூடப்பட்டன. 2017இல் இன்டெல் தன் எட்டாம் தலைமுறை மேசைச் சில்லுகளை அதே 1,151 தொடுபுள்ளிகளோடு கொண்டுவந்து, ஆனால் பழைய போர்டில் ஓடாது என்றது. மின்சாரம் போகும் வழி மாறிவிட்டது என்பது அதன் விளக்கம். சில ஆர்வலர்கள் சில புள்ளிகளை மறைத்து, பயாஸைத் திருத்தி, பழைய போர்டிலேயே ஓட்டிக் காட்டினார்கள். நான் அந்த வருஷம் ஏஎம்டி பக்கம் போனதற்கு இது ஒரு காரணம். ஏஎம்4 சாக்கெட்டை 2020 வரை தொடர்வோம் என்று ஏஎம்டி வாக்குக் கொடுத்திருந்தது. ரைசன் 5 1600, பி350 போர்டு, 8 ஜிபி ராம் ஒன்று.

அந்த வாக்கும் ஒருமுறை தடுமாறியது. 2020 மே மாதம், அடுத்து வரும் ரைசன் சில்லுகள் புதிய போர்டுகளில் மட்டுமே ஓடும் என்றது ஏஎம்டி. பயாஸ் வைக்கும் சில்லில் இடம் போதாது, பல போர்டுகளில் அது 16 எம்பிதான், இத்தனை ப்ராசஸர்களுக்கான நிரலை அதில் அடைக்க முடியாது என்பது காரணம். பொய்யான காரணம் இல்லை. ஆனால் வாங்கியவர்கள் விடவில்லை. இரண்டு வாரத்துக்குள் 400 வரிசை போர்டுகளுக்கு ஆதரவு தருவதாக ஏஎம்டி இறங்கி வந்தது. எங்களைப் போன்ற 300 வரிசைக்காரர்களுக்கு 2022இல்தான் வழி பிறந்தது. ரைசன் 5 5600 வந்ததும் அந்த ஏப்ரலில்தான். ஐந்து வருஷ இடைவெளியில் வந்த சில்லு என் பழைய போர்டில் உட்காரும். கோர் அதே 6தான், ஒவ்வொரு கோரும் செய்யும் வேலை கணிசமாகக் கூடியிருக்கிறது.

இப்போது என் தாளுக்கு வருகிறேன். விண்டோஸ் 11 என் 1600ஐ ஏற்காது. டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி இல்லாததால் அல்ல. அது இருக்கிறது, பயாஸில் ஒரு சுவிட்சைப் போட்டால் வேலை செய்கிறது. மைக்ரோசாஃப்டின் ப்ராசஸர் பட்டியலில் முதல் தலைமுறை ரைசன் இல்லை, அவ்வளவுதான். லினக்ஸ் போட்டுவிட்டால் அப்பாவுக்கும் எனக்கும் போதும். ஆனால் வாலரண்டின் கள்ளாட்டத் தடுப்பு லினக்ஸில் ஓடாது. "அப்ப நான் எங்க மாமா ஆடுறது?" என்று கேட்டவனுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. விளையாட்டுதான் மறுபடியும் தள்ளுகிறது.

கிராஃபிக்ஸ் கார்டில்தான் அதிக நேரம் செலவழித்தேன். மலிவாகப் புதிது வேண்டும் என்றால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கண்ணில் படும். அது மதர்போர்டோடு பேசுவது 4 தடங்களில் மட்டும். புதிய போர்டில் சமாளிக்கும். என்னுடையது போன்ற பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 போர்டில் தடத்தின் வேகம் பாதி, 4 ஜிபி மெமரி நிரம்பியதும் திணறும். பழைய போர்டு வைத்திருப்பவர்கள்தான் மலிவு கார்டைத் தேடுவார்கள், அந்தக் கார்டு அவர்களுக்குத்தான் சரிப்படாது. ஆர்எக்ஸ் 6600 இந்தத் தொல்லை குறைந்தது, செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. ஆனால் அதற்குத் தனி 8 பின் மின்கம்பி வேண்டும், என் எட்டு வருஷத்து எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி அதை மாட்ட மனசு வரவில்லை. கார்டு என்று எழுதினால் எஸ்எம்பிஎஸ் என்றும் எழுத வேண்டும். இரண்டு வரி. வாலரண்டுக்கு 1050 டிஐயே தாங்குகிறது, அந்த விளையாட்டு கார்டைவிட ப்ராசஸரைத்தான் அதிகம் கேட்கிறது. இரண்டு வரியையும் அடித்தேன். பையன் முகம் வாடியது. அவன் மனதில் வேறு பெரிய விளையாட்டுகள் இருந்திருக்கும்.

ராம்தான் அதிர்ச்சி. செயற்கை நுண்ணறிவு மையங்கள் மெமரியை வாரிக்கொண்டு போவதால் விலை ஏறி, நான் ஆகஸ்டில் பார்த்த 8 ஜிபி ராம் டிசம்பரில் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. அந்த மாதமே மைக்ரான், வீட்டுப் பயனர்களுக்கு க்ரூஷியல் பெயரில் விற்று வந்த மெமரி வியாபாரத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. அப்பா 2001இல் எந்த வரியைத் தைரியமாகத் தள்ளிப்போட்டாரோ, அதே வரி இன்று தள்ளிப்போட முடியாததாகிவிட்டது. ரிச்சி தெருவில் கழற்றிய ராம் ஒன்றைப் பேரம் பேசி வாங்கினேன். கடைக்காரப் பையன் அங்கேயே ஒரு போர்டில் செருகி ஓட்டிக் காட்டினான். "வாரண்டி ஒரு வாரம்ணே. ஓடுச்சுன்னா ஓடும்."

கடைசி வேலை பயாஸ். புது ப்ராசஸரைப் போர்டு அடையாளம் காண, பழையதைக் கழற்றும் முன்பே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். என் போர்டுக்கான பக்கத்தில் எச்சரிக்கை இருந்தது: இதை ஏற்றியபின் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. நடுவில் கரண்ட் போனால் போர்டு வெறும் தகடு. யூபிஎஸ் பேட்டரி எப்படி என்று எனக்கே சந்தேகம், அதனால் விடியற்காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தேன், அந்நேரம் எங்கள் தெருவில் கரண்ட் போவது அபூர்வம். சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. அப்பா காப்பியோடு பின்னால் வந்து நின்றார்.

"எவ்வளவு ஆச்சு?"

"எழுபது பர்சென்ட்."

"அதில்ல. காசு."

பாதிக்குக் கொஞ்சம் மேல் என்றேன். தாளை வாங்கி வரி வரியாகப் படித்தார், அடித்த இரண்டு வரிகளையும் சேர்த்து. "இதெல்லாம் பின்னாடி சேத்துக்கலாம்ல?" என்றார். சேத்துக்கலாம்ப்பா, ஸ்லாட் இருக்கு என்றேன். தாளை மடித்துக் கொண்டுபோய் ஃபைலில் வைத்தார்.