மஞ்சள் நிற்கும் தாள்

என் பேத்திக்கு வரும் தை மாதம் கல்யாணம். "கடை அட்டை வேண்டாம் தாத்தா, பத்திரிகையை நாமளே பண்ணுவோம்" என்று சொல்லிவிட்டாள். மதுரையில் முப்பத்தைந்து வருஷம் ட்ரெடில் அச்சு மிஷின் மிதித்தவனிடம் இதைச் சொன்னால் சும்மா இருப்பேனா? மறுநாளே ஐந்து மாதிரித் தாள்களை வாங்கிவந்து மேசையில் பரப்பினேன். "அடுப்படியில மஞ்சளைக் குழைச்சு எடுத்துட்டு வா தாயி" என்றேன்.

அவள் ஆசைப்பட்டது ஜரிகை மாதிரி மினுக்கும் அட்டை. மூலையில் மஞ்சளைத் தொட்டு வைத்தோம். உள்ளே இறங்காமல் மேலேயே உட்கார்ந்தது. காய்ந்ததும் நகம் பட்டால் பொருக்காக உதிர்ந்தது. ஆர்ட் பேப்பரிலும் அதே கதைதான். மடித்தால் எதிர்ப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. மேப்லித்தோவோ மஞ்சளைக் குடித்து, பின்பக்கம் வரை லேசாகக் காட்டியது.

கல்யாணத் தாளுக்கு நான் வைக்கும் பரீட்சை இது ஒன்றுதான்.

அச்சு வருவதற்கு முன்னால் செய்தி போனது ஓலையில். நகரத்தார் வீட்டுக் கல்யாணங்களில் எழுதும் இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தமும் முன்பு பனையோலைதான். ஓலையில் எழுத்தாணியால் கீறினால் எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மஞ்சளோ மையோ தடவித் துடைத்தால்தான் கீறலில் நிறம் தங்கும். பத்திரிகையின் நான்கு மூலைக்கும் நாம் மஞ்சள் வைப்பது மங்கலத்துக்கு என்கிறார்கள். இருக்கட்டும். எனக்கென்னவோ அதில் அந்த ஓலை வாசனையும் இருப்பதாகவே படுகிறது.

நான் அச்சுக் கோர்க்கும் கம்பாசிட்டராகச் சேர்ந்தது 1968இல். அப்போது தாளில் பெரிய தேர்வு கிடையாது. 'வெள்ளையா, மஞ்சளா?' என்று கேட்போம், அவ்வளவுதான். டபுள் கிரவுன் தாள் 20க்கு 30 அங்குலம். எட்டாக வெட்டினால் ஏழரைக்குப் பத்து. அதை ஒரு மடிப்பு மடித்தால் பத்திரிகை. 1000 பத்திரிகைக்கு 125 தாள், சேதாரத்துக்கு ஐந்து. மை சிவப்பு அல்லது பச்சை. கறுப்பு மை காரியப் பத்திரிகைக்கு.

வெட்டுகிறபோதுதான் வித்தை. மில் காகிதத்தில் நார் ஒரு வாட்டமாக ஓடும். ஒரு துண்டைக் கிழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: நாரோடு கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணலாக இழுக்கும். மடிப்பு நாரோடு விழுந்தால் முதுகு வழவழவென்று நிற்கும். குறுக்கே விழுந்தால், கனத்த தாள் என்றால் மடிப்பில் வெடித்து வெள்ளை நார் தெரியும். தாளை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒருமுறை திருப்பி வெட்டிவிட்டேன். 600 பத்திரிகையும் முதுகில் வெடித்தன. முதலாளி என்னைத் திட்டவில்லை, சம்பளத்தில் பிடித்தார்.

உறையும் சும்மா இல்லை. வாயை ஒட்டாமல் உள்ளே செருகி விட்டால்தான் அன்று குறைந்த புக் போஸ்ட் கட்டணம். ஒட்டினாலோ, உள்ளே கடிதம் எழுதி வைத்தாலோ கடிதக் கணக்கு. கூடவே ஒரு வரி கையால் எழுதி வைக்க ஆசைப்படுகிறவர்களைத் தடுப்பதும் எங்கள் வேலையாக இருந்தது.

கறுப்பு மையை வேண்டுமென்றே கேட்டு வருகிறவர்களும் உண்டு. சுயமரியாதைக் கல்யாணக்காரர்கள். அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் 1928இல் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அதைச் சட்டம் ஏற்றுக்கொள்ள 1967 வரை ஆயிற்று. அவர்கள் பத்திரிகையில் தலைப்பில் 'உ' இருக்காது, 'துணை' இருக்காது, லக்கினம் இருக்காது. மஞ்சளும் தடவமாட்டார்கள். 'தலைமையில்' என்ற சொல் மட்டும் கட்டாயம் இருக்கும்.

இந்த 'லை'யில் எங்கள் கைக்கு ஒரு கஷ்டம் இருந்தது. பழைய எழுத்தில் 'லை', 'ணை' எல்லாம் தும்பிக்கை தூக்கிய ஒற்றை எழுத்து. ஒவ்வொன்றுக்கும் தனி ஈய அச்சு வேண்டும். கல்யாணப் பத்திரிகை என்றால் உச்சியில் 'முருகன் துணை', நடுவில் 'காலை 6 மணிக்கு மேல்', கீழே 'மாலை வரவேற்பு'. வைகாசியில் நாலு பத்திரிகையைச் சேர்த்துக் கோர்த்தால் எழுத்துக் கேஸில் 'லை' தீர்ந்துபோகும். முதல் பத்திரிகையை ஓட்டி முடித்து, எழுத்தைப் பிரித்துப் போட்ட பிறகுதான் அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குக் காலை வரும்.

1978இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணை போட்டது. பதின்மூன்று எழுத்துகள் மாறின. 'ை' தனியாக, 'ல' தனியாகச் சேர்த்துக் கோர்க்கலாம் என்றானது. பெரியவர் ஒருவர் புரூப்பைப் பார்த்துவிட்டு, "சாமி பேருக்குக் கீழே இந்த ணையைப் போடாதேப்பா, துணை நிக்காது" என்றார். அவருக்காகப் பழைய எழுத்தைத் தேடிப்பிடித்துப் போட்டேன். ஆனால் இந்தப் புது எழுத்தைப் பெரியார் 1935இலேயே 'குடி அரசு' பத்திரிகையில் போட ஆரம்பித்துவிட்டார். 'துணை'யே வேண்டாம் என்றவரின் எழுத்தில்தான் இன்று ஊரெல்லாம் 'முருகன் துணை' அச்சாகிறது.

தாளைப் பற்றிய யோசனையையே ஒழித்தது சிவகாசி. 1920களில் அங்கே தீப்பெட்டித் தொழில் வந்தது; தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும். அந்த அச்சு காலண்டருக்கும் வாழ்த்து அட்டைக்கும் வளர்ந்து, கல்யாண அட்டைக்கும் வந்தது. வெளியே படம் அச்சாகி, உள்ளே வெறுமையாக வரும். நாங்கள் பெயரையும் நேரத்தையும் ஏற்றினால் போதும். வருகிறவர்கள் ஆல்பத்தைப் புரட்டி நம்பரைச் சொல்வார்கள். தாளைத் தொட்டுப் பார்த்தவர்கள் குறைந்துபோனார்கள். அழகில் குறை சொல்லமாட்டேன். அந்த வழவழப்பில்தான் மஞ்சள் நிற்கவில்லை. மூலையில் மஞ்சள் நிறப் பொட்டை அச்சடித்தே விற்றார்கள்! அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் வாங்கி வந்திருந்த ஐந்தாவது மாதிரி புதுச்சேரிக் கைக்காகிதம். பருத்தித் துணிக் கழிவை அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, ஆட்டி எடுப்பது. நார் நாலாபக்கமும் ஓடுவதால் எந்தப் பக்கம் மடித்தாலும் மடியும். மஞ்சளை வைத்தோம். துணி குடிப்பது போலக் குடித்தது. விலையைக் கேட்டதும் என் மகன்தான் வெளியே போய்விட்டான்.

கடைசியில் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற 80 வீட்டுக்குக் கைக்காகிதம், மீதி 400க்கு 100 ஜிஎஸ்எம் மேப்லித்தோ என்று முடிவானது. மடிப்பு என் பொறுப்பு, மஞ்சள் அவள் பொறுப்பு.

உங்கள் வீட்டிலும் கல்யாணம் வரும். அட்டைக்கு முன்பணம் கொடுக்குமுன் ஒரு மாதிரியை வீட்டுக்கு வாங்கி வந்து, மூலையில் மஞ்சள் தொட்டு, காய்ந்த பிறகு விரலால் தேய்த்துப் பாருங்கள்.