மந்திரம் போன ஊர்கள்

அரசன் ஆலோசனை நடத்தும் இடத்துக்குப் பக்கத்தில் கிளியோ மைனாவோ இருக்கக் கூடாது என்கிறது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். நாயும் கூடாதாம். இவையெல்லாம் ரகசியத்தை வெளியே விட்டதாகக் கேள்வி என்று காரணமும் சொல்கிறது. பேசுகிற பறவையைச் சந்தேகிப்பது புரிகிறது. நாய் எப்படிக் காட்டிக்கொடுத்திருக்கும் என்பதுதான் விளங்கவில்லை. இத்தனை காவலுக்கு உரிய அந்தப் பேச்சுக்கு நூல் தரும் பெயர் 'மந்திரம்'. திருநீறு, வேப்பிலை எதுவும் கிடையாது. வரி, படை, யாரோடு உறவு, யாரோடு பகை என்று கதவைச் சாத்திக்கொண்டு நாலு பேர் பேசுவது. அரசனுக்கு வேண்டிய மூன்று சக்திகளில் ஒன்றாக அது குறிப்பிடும் 'மந்திர சக்தி'யும் நல்ல ஆலோசனையால் வரும் பலம்தான்.

வடமொழியில் 'மன்' என்றால் எண்ணுவது. அதோடு கருவியைக் குறிக்கும் விகுதி சேர்ந்து 'மந்த்ர' ஆயிற்று. 'மனம்' இதற்கு நெருங்கிய உறவு. பாரசீகத்தில் ஜரதுஷ்டிரர் வழியினர் ஓதும் அவெஸ்தாவிலும் ஏறக்குறைய இதே உருவில் இது இருப்பதால், வேதத்துக்கும் முந்தைய வயது இதற்கு உண்டு. வேள்வியில் ஓதுவதும் மந்திரம், அரண்மனையில் ஓதுவதும் மந்திரம். இரண்டும் எல்லார் காதிலும் விழக் கூடாதவை. முதல் வேலையைப் பார்த்தவர் பூசாரியாகவும் மந்திரவாதியாகவும் நின்றார். இரண்டாம் வேலையைப் பார்த்தவர் மந்திரி ஆனார்.

தமிழுக்கும் இரண்டு பொருளும் பழையவையே. தொல்காப்பியச் செய்யுளியல் மந்திரத்தை மறைமொழி என்று வரையறுக்கிறது. வள்ளுவர் 'அமைச்சு' என்று அதிகாரத்துக்குப் பெயர் வைத்துவிட்டு, அதன் ஒன்பதாம் குறளில் 'மந்திரி' என்கிறார். அதுவும் பாராட்டாக அல்ல: பக்கத்திலேயே இருந்து கேடு நினைக்கும் மந்திரியைவிட எழுபது கோடிப் பகைவர் மேல் என்கிறார். நல்லவரைச் சொல்ல அமைச்சர், கெட்டவரைச் சொல்ல மந்திரி என்று அவர் பிரித்தார் என நான் வாதாடப் போவதில்லை. ஆனால் பிற்காலத் தமிழ்நாட்டு அரசியல் கிட்டத்தட்ட அப்படித்தான் பிரித்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

இந்தச் சொல்லின் பெரிய பயணம் கடல்வழியாக நடந்தது. வணிகர்களோடும் அந்தணர்களோடும் பௌத்தத் துறவிகளோடும் கிழக்கே போனது. மலாய் மொழியில் ஓதுவது 'மந்திரா'வாகவும், ஆள்பவர் 'மந்திரி'யாகவும் இறங்கினர். தாய்லாந்தில் அமைச்சரைக் குறிக்கும் சொல்லின் பிற்பாதியும் இந்த மந்திரிதான். மலேசியாவில் மன்னர் உள்ள மாநிலங்களின் அரசுத் தலைவர் இன்றைக்கும் 'மந்திரி புசார்', பெரிய மந்திரி. மன்னர் இல்லாத பினாங்கு, மலாக்கா மாநிலங்களில் 'கெத்துவா மந்திரி'. பிரதமர் 'பெர்டானா மந்திரி'. கோலாலம்பூரில் மலாய்ச் செய்தி கேட்கும் தமிழருக்கு இந்த ஒரு சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். அங்கே எல்லா வாயிலும் அடிபட்ட மந்திரி அவர்கள் வாய்க்குள்ளும் நுழைந்தார். அவர்களுடைய மொழியில் 'மந்தார்' என்றால் கட்டளையிடு. மந்திரியும் கட்டளையிடுகிறவர்தானே? இரண்டும் ஒட்டிக்கொள்ள, 'மந்தரிம்' பிறந்தது. சில ஆண்டுகளில் சீனக் கரையை எட்டியவர்கள், அங்கே பட்டு அங்கியில் உட்கார்ந்திருந்த பேரரசின் அதிகாரிகளையும் அப்படியே அழைத்தார்கள். அதிலிருந்து ஆங்கிலத்தின் மாண்டரின். அந்த அதிகாரிகள் தேர்வு எழுதிப் பதவிக்கு வந்தவர்கள். ஒவ்வொரு மாகாணமும் ஒவ்வொரு விதமாகப் பேசிய நாட்டில் தங்களுக்குள் புழங்க ஒரு பொதுப்பேச்சு வைத்திருந்தார்கள். ஐரோப்பியர் அதற்கும் மாண்டரின் என்றே பெயர் சூட்டினர். சீனர் தம் மொழியை அப்படிச் சொல்வதில்லை. உலகிலேயே அதிகம் பேர் தாய்மொழியாகப் பேசும் மொழிக்கு வெளியார் வைத்த பெயர் நம் மந்திரியின் பெயர் என்பது பெய்ஜிங்கில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

பிறகு ஒரு பழமும் அந்தப் பெயரைச் சுமந்தது. தோல் எளிதாக உரியும் சின்ன ஆரஞ்சு, மாண்டரின் ஆரஞ்சு. அதிகாரிகளின் அங்கி நிறத்தால் வந்த பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு. சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டுக்கு இதை இரண்டிரண்டாகக் கொடுத்து வாங்குகிறார்கள். அந்தத் தீவில் இந்தச் சொல்லின் குடும்பம் மொத்தமும் ஒன்றுகூடியிருக்கிறது: மலாயில் அமைச்சர், ஆங்கிலத்தில் சீன மொழியின் பெயர், கடையில் பழம், சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சகர் வாயில் ஒலிப்பது.

ஜாவாவில் கதை வேறு. அங்கே மந்திரி படிப்படியாகக் கீழே இறங்கினார். டச்சு ஆட்சியில் சின்ன அரசு ஊழியர்களுக்கெல்லாம் 'மந்த்ரி' என்று பேர். காட்டைக் கண்காணிப்பவர் ஒரு மந்த்ரி, ஊர் ஊராகப் போய் அம்மைத் தடுப்பூசி குத்துபவர் இன்னொரு மந்த்ரி. கிராமத்தில் ஊசி போடும் ஆண் செவிலியரை அழைக்க அந்தச் சொல் நிலைத்தது. காய்ச்சல் கண்ட பிள்ளையை அங்கே மந்த்ரியிடம் கூட்டிப் போவார்கள், நம் ஊரில் மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள்.

நம் ஊரில் எங்கே என்பதையும் பார்க்க வேண்டும். அந்தி மசங்கி, மஃரிப் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் பெண்களில் பலர் நெற்றியில் குங்குமம் இட்டவர்கள். தொழுதுவிட்டு வருபவர்கள் குர்ஆன் வசனத்தை ஓதிப் பிள்ளையின் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். இதற்குத் தமிழ்நாடு முழுக்க 'மந்திரிக்கிறது' என்றுதான் பேர். ஓதுவது அரபு, சொல் வேதத்துச் சொல், பிள்ளை மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை. எந்த மதநல்லிணக்கக் கூட்டத்திலும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை. சொல்லாமல் இருப்பதே நல்லது, சொன்னால் யாராவது நிறுத்திவிடுவார்கள்.

இவ்வளவு நம்பும் அதே சனம் இதைக் கிண்டலும் செய்யும். மந்திரத்தில் மாங்காய் விழுமா என்று கேட்கும். மந்திரம் கால், மதி முக்கால் என்று பங்கு பிரித்துக் கொடுக்கும். திக்குத் தெரியாமல் விழிப்பவனை மந்திரிச்சுவிட்ட கோழி என்னும். மேலதிகாரியின் கூட்டம் முடிந்து வெளியே வருபவர்களைக் காட்ட இதைவிடப் பொருத்தமான உவமை கிடையாது. கௌடில்யரின் அறைக்கும் இந்தக் கோழிக்கும் அவ்வளவு தூரம் இல்லை.

டெல்லியில் இன்னொரு வேடிக்கை. அமைச்சகக் கட்டடத்தின் இந்திப் பலகை 'மந்த்ராலய்' என்கிறது. உள்ளே உட்கார்ந்திருக்கும் உயரதிகாரிகளை ஆங்கிலப் பத்திரிகைகள் மாண்டரின்கள் என்கின்றன. ஒன்று நேராக வந்தது, மற்றொன்று மலாக்கா, சீனா, லண்டன் எல்லாம் சுற்றி வந்தது. தமிழருக்கோ மந்த்ராலயம் என்றால் துங்கபத்திரைக் கரையில் ராகவேந்திரர் சன்னிதி. சென்னையிலிருந்து மும்பை போகும் ரயில் பாதையில் மந்த்ராலயம் ரோடு நிலையத்தில் பக்தர்கள் இறங்குவார்கள். இறங்காமல் கடைசிவரை போனால் மும்பையிலும் ஒரு மந்த்ராலயா உண்டு; அது மகாராஷ்டிர அரசின் தலைமைச் செயலகம். அங்கும் மனுவோடு வரிசையில் நிற்கிறார்கள்.

மந்திரி தமிழ்நாட்டுக் கோட்டையை விட்டுப் போன கதைதான் பாக்கி. தனித்தமிழ் உணர்வு ஓங்கிய காலத்தில் மேடையிலும் ஏட்டிலும் 'அமைச்சர்' பரவியது. அந்தச் சொல்லே வடமொழி 'அமாத்ய'விலிருந்து வந்தது என்பாரும் உண்டு, 'அமை' என்னும் தமிழ் வேரே என்பாரும் உண்டு. மந்திரியோடு மந்திரமும் கொஞ்சம் நகர்ந்தது. 1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணா, புரோகிதர் மந்திரம் ஓதாத சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு வாங்கிக் கொடுத்தார். அதே ஆண்டு 'பட்டணத்தில் பூதம்' படத்தில் ஜாவர் சீதாராமன் ஜீபூம்பா என்ற பூதமாக வந்து, அந்தப் பெயரையே பிள்ளைகளுக்கு மந்திரமாக்கிவிட்டுப் போனார்.

மந்திரி என்ற சொல் மட்டும் முழுசாகப் போகவில்லை. சில காலை நாளிதழ்களைப் புரட்டினால் தெரியும்: தமிழ்நாட்டை ஆள்பவர் 'முதல்-அமைச்சர்', கர்நாடகத்தை ஆள்பவர் 'முதல்-மந்திரி'. ஓசூர் எல்லை தாண்டியதும் பதவியின் பேர் மாறிவிடுகிறது.