துப்பாக்கிக்கு மெருகு

கடலூருக்குப் பக்கத்திலுள்ள தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-ம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் செஞ்சியில் ஆண்ட மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? அதற்கு ஒரு விசித்திரமான அளவுகோல் ஏற்பட்டது. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட வேண்டியது. குண்டு எட்டுகிற தூரம் வரையில் கம்பெனிக்குச் சொந்தம்! கம்பெனியார் இதற்கென்றே சென்னையிலிருந்து ஒரு பீரங்கியை அனுப்பி வைத்தார்கள். குண்டின் எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்று பெயர் வந்தது.

அந்தக் காலத்தில் குண்டு நிலத்தை அளந்தது. இப்போதோ குண்டு போடும் கருவிக்கு விலை சொல்வதற்கே காகிதம் வேண்டியிருக்கிறது. நடுவில் நடந்தது என்ன என்று தெரிந்துகொண்டால், பழைய துப்பாக்கியை விற்க நினைக்கும் குடும்பத்துக்கு நஷ்டம் குறையும்.

கடலூரில் ஒரு வீடு, சிதம்பரத்தில் ஒரு வீடு. இரண்டிலும் ஒரே சீமைப் பட்டறையில், ஒரே காலத்தில் செய்த இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். கடலூர்த் துப்பாக்கிக்குப் பேரப்பிள்ளை நிக்கல் முலாம் போட்டு, கட்டையில் தாமரைப் பூச் செதுக்கி, வார்னிஷ் அடித்திருக்கிறான். சிதம்பரத்துத் துப்பாக்கியோ நிறம் மங்கி, கட்டையில் கீறல் விழுந்து கிடக்கிறது. எதற்கு விலை அதிகம்? நீங்களும் நானும் கடலூர்ப் பக்கம் கையைக் காட்டுவோம். துப்பாக்கி வியாபாரி சிதம்பரத்துக்கு ரயிலேறி விடுவார்.

அலங்காரம் செய்தவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் ஆயுதம் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வாங்க வேண்டும், வெள்ளைக்காரருக்கு விலக்கு. ஆகவே லைசென்ஸ் கிடைத்த மிராசுதாருக்குத் துப்பாக்கி என்பது வயலில் உள்ளான் சுடுவதற்கும், ஏரியில் தாரா சுடுவதற்கும் மட்டுமல்ல. கூடத்துச் சுவரில் மாட்டிய கௌரவமும் அதுதான். கௌரவத்துக்கு மெருகு போடாமல் யார் இருப்பார்கள்?

ஆனால் துப்பாக்கியின் உண்மையான ஜாதகம் குழலின் அடிப்புறத்தில் இருக்கிறது. லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637-ல் சாசனம் பெற்றது. பர்மிங்ஹாமில் பரீட்சைச் சாலை 1813-ல் ஏற்பட்டது. அங்கே ஒவ்வொரு குழலிலும் வழக்கத்துக்கு அதிகமாக மருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்ப்பார்கள். வெடிக்காமல் தப்பியதற்கு முத்திரை குத்துவார்கள். பழைய கரிமருந்துக்கு மட்டும் தாங்குமா, புகையில்லா மருந்துக்கும் தாங்குமா என்பதை அந்த முத்திரை சொல்லும். '12 போர்' என்பதும் அங்கே பதிந்திருக்கும். குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக்குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்பது அதன் பொருள்.

மேலே பொறித்த பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. அது செய்தவர் பெயராக இல்லாமல் விற்ற கடையின் பெயராகவும் இருக்கலாம். உப்புத்தாளால் தேய்த்து முலாம் போட்டால் முத்திரை மழுங்குகிறது, நம்பர் மறைகிறது. பழைய டமாஸ்கஸ் குழலாக இருந்தால், இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த அதன் அழகான வரியோட்டமும் முலாமுக்கு அடியில் போய்விடும். புதுக் கறுப்பேற்றுவதற்காகச் சூடான கார உப்பில் முக்கினால், இரண்டு குழல்களையும் சேர்த்திருக்கும் ஈயப்பற்றே விட்டுப்போகக் கூடும்.

சுதந்திர இந்தியா 1959-ல் செய்த ஆயுதச் சட்டம் 1962-ல் அமலுக்கு வந்தது. துப்பாக்கியிலுள்ள பெயரையோ நம்பரையோ அழிப்பது அதன்படி குற்றம். லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குறுக்குவதும் குற்றம். 1980-களில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி நின்றதால், உள்ளே இருந்தவற்றுக்குக் கிராக்கி ஏறியது. 1991-ல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி வேட்டையைத் தடுத்ததும், துப்பாக்கிக்கு இருந்த வேலை போயிற்று. 2019-ல் ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்ததும், விற்க வேண்டியவர்கள் பெருகினார்கள்.

ஆகவே விலை மதிப்பிடும் வழி இதுதான். அதே பட்டறையின் கைபடாத துப்பாக்கி, லைசென்ஸ் உள்ளவரிடம் என்ன விலைக்குப் போகும் என்று முதலில் விசாரிக்க வேண்டும். பிறகு கழித்தல் கணக்கு. செதுக்கிய கட்டைக்கு, வேறு கட்டை போடும் செலவைக் கழிக்க வேண்டும். முலாமுக்கு, அது எதை மறைக்கிறதோ என்ற சந்தேகத்தைக் கழிக்க வேண்டும். குழலை வெட்டியிருந்தால், ரவை சிதறாமல் போவதற்காக நுனியில் வைத்திருந்த குறுக்கமும் போயிருக்கும். நம்பர் அழிந்திருந்தால் கணக்கே வேண்டாம். அதை விற்கவே முடியாது. தாமரைப் பூவுக்குக் கொடுத்த கூலியைக் கூட்டுவதற்கு இந்தக் கணக்கில் இடமே கிடையாது.

தாத்தா காலமானால் அவருடைய லைசென்ஸும் அவரோடு போய்விடுகிறது. துப்பாக்கியைத் தாமதமின்றிப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். பேரனுக்கு லைசென்ஸ் கிடைக்காவிட்டால் விற்றுத்தான் ஆக வேண்டும். அப்போது வியாபாரி துப்பாக்கியைப் புரட்டி, குழலின் அடியில் இருக்கும் நம்பரை லைசென்ஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பார். ஒத்திருந்தால் பாட்டியின் கைக்குப் பணம் வரும். ஒவ்வாவிட்டால், பேரன் ஆசையாகப் போட்ட மெருகுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். துப்பாக்கியை எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள், தேய்க்க வேண்டாம்.