சீசர் சிசேரியன்ல பிறக்கலீங்க!

தங்கச்சி ரெண்டாவது முறை உண்டாகியிருக்கா. முதல் குழந்தை சிசேரியன். இந்தத் தடவை சுகப்பிரசவத்துக்கு முயற்சி பண்ணலாமான்னு கேட்கப் போனோம். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "பழைய ஃபைல் எங்கே?" எங்கம்மாவுக்குச் சுருக்னு கோபம். "அதான் வயித்துல தழும்பு இருக்கே, பார்த்தா தெரியாதா?"

தெரியாதாம். வெளியே தோலில் போடும் கீறல் வேறு, உள்ளே கருப்பையில் போடும் கீறல் வேறு. தோலில் படுக்கைவாட்டில் இருந்தாலும் உள்ளே நெடுக்காக வெட்டியிருக்கலாம். அன்னைக்கு ராத்திரி இதைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தவன்தான், சீசர் வரைக்கும் போயிட்டேன்.

முதலில் அந்தச் சீசர் கதையை முடிச்சிடுவோம். ஜூலியஸ் சீசர் இப்படிப் பிறந்ததால்தான் இந்தப் பேருன்னு நமக்கு யாராவது ஒரு வாத்தியார் சொல்லியிருப்பார். அந்தக் காலத்தில் தாய் இறந்தாலோ இறக்கும் தறுவாயில் இருந்தாலோதான் வயிற்றைக் கீறுவார்கள். கர்ப்பிணி இறந்தால் குழந்தையை எடுக்காமல் புதைக்கக் கூடாது என்று ரோமில் சட்டமே இருந்தது. சீசரின் அம்மா அவுரேலியாவோ, மகன் பெரிய ஆளாகி நாடு நாடாகப் படையெடுத்துப் போகும்வரை உயிரோடு இருந்தவர். வெட்டுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பேர் வந்திருக்கலாம் என்கிறார்கள். அது கிடக்கட்டும்.

எனக்கு ஆச்சரியமா இருந்தது வேற விஷயம். 1840களில் மயக்க மருந்து வந்தாச்சு. 1867-ல் லிஸ்டர் கிருமிநாசினி முறையைச் சொல்லியாச்சு. ஆனாலும் தாய்மார்கள் செத்துக்கிட்டே இருந்தாங்க. பிரிட்டனில் 1865 வாக்கில் நூற்றுக்கு 85 பேர். காரணம் என்ன தெரியுமா? கருப்பையைத் தைக்கவே மாட்டார்கள்! வயிற்றைத் தைத்துவிட்டு உள்ளே இருப்பதை அப்படியே விட்டுவிடுவார்கள். கருப்பை தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும் என்று நம்பிக்கை. தைத்தாலும் உள்ளே இருக்கும் நூலை எடுக்க முடியாது, அதுவே சீழ் பிடிக்கும் என்ற பயம் வேறு. ரத்தப்போக்கில் தப்பினவர்களும் வயிற்றுக்குள் சீழ் வைத்து இறந்தார்கள்.

இதே காலத்தில்தான், 1879-ல், இன்றைய உகாண்டாவில் இருந்த புன்யோரோ ராஜ்ஜியத்தில் ராபர்ட் ஃபெல்கின் என்ற மருத்துவ மிஷனரி ஒரு காட்சியைப் பார்க்கிறார். அந்த ஊர் வைத்தியர் பெண்ணுக்கு வாழைப்பழ மது கொடுத்து அரை மயக்கத்தில் படுக்க வைக்கிறார். அதே மதுவால் தன் கையையும் அவள் வயிற்றையும் கழுவுகிறார். குழந்தையை எடுத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் ரத்தத்தை நிறுத்தி, கருப்பையைப் பிசைந்து சுருங்க வைக்கிறார். வயிற்றை மெல்லிய இரும்பு ஊசிகளால் குத்தி மூடி, மேலே வேரை அரைத்த பற்று. அவரும் கருப்பையைத் தைக்கலை. ஆனா பதினோராம் நாள் தாயும் பிள்ளையும் நலம். 1884-ல் எடின்பரோ மருத்துவ இதழில் ஃபெல்கின் இதை எழுதினார். ஒரே நாளில் கண்டுபிடித்த முறையா இது? எத்தனை தலைமுறைக் கைப்பழக்கமோ!

ஐரோப்பாவில் 1876-ல் இத்தாலியின் பாவியா நகரத்தில் போரோ என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். குழந்தையை எடுத்த கையோடு கருப்பையையும் வெட்டி எடுத்துவிடுவது! தாய் பிழைத்தாள், ஆனால் அதோடு சரி, இனிப் பிள்ளை கிடையாது. 1882-ல் லைப்சிக் நகரத்தின் மாக்ஸ் சேங்கர்தான் கருப்பையை வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் தைக்கச் சொன்னார்.

அந்த வெள்ளிக் கம்பிக்கு ஒரு கதை இருக்கு, படிச்சா மனசு கனக்கும். அமெரிக்காவின் அலபாமாவில் 1840களில் மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அதைப் பழகியது அடிமைப் பெண்களின் உடம்பில். பிரசவத்தில் ஏற்பட்ட கிழிசலைத் தைப்பதற்காக, மயக்க மருந்து இல்லாமல். அனார்க்கா என்ற பெண்ணுக்கு மட்டும் முப்பது தடவை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த சிம்ஸின் சிலையை 2018-ல் அகற்றினார்கள்.

சரி, ஃபைலுக்கு வருவோம். சேங்கர் வெட்டியது கருப்பையின் மேல் பகுதியில், நெடுக்காக. பிரசவ வலியில் அழுத்திச் சுருங்கும் தடித்த தசை அது. அங்கே தழும்பு இருந்தால் அடுத்த பிரசவத்தில் கிழிய வாய்ப்பு அதிகம். அவருக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 1881-ல், கேரர் என்ற இன்னொரு ஜெர்மானியர் கீழ்ப் பகுதியில் குறுக்காக வெட்டித் தைத்திருந்தார். யாரும் கண்டுக்கலை! 1920களில் கிளாஸ்கோவின் மன்ரோ கெர் விடாமல் வாதாடித்தான் அந்த முறை ஊரெல்லாம் பரவியது. நடுவில் 1916-ல் கிராகின் என்ற அமெரிக்க மருத்துவர், ஒரு முறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான் என்ற பொருளில் எழுதினார். அது நெடுக்கு வெட்டு காலத்துப் பேச்சு. நம்ம ஊர்ப் பாட்டிகள் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கு பாருங்க.

கீழே குறுக்காகப் போட்ட ஒரே தழும்பு என்றால், பிரசவ வலி வரும்போது அது கிழியும் ஆபத்து சுமார் 200-ல் ஒருவருக்கு. சின்ன ஆபத்துதான், ஆனா இல்லைன்னு சொல்ல முடியாது. அதனால உடனே ஆபரேஷன் பண்ண வசதியுள்ள இடத்தில்தான் முயற்சி பண்ணணும். குறைமாதம், நஞ்சு கீழே இருப்பது மாதிரி சில நேரங்களில் இன்றைக்கும் நெடுக்காக வெட்ட வேண்டியிருக்கும். அப்படி வெட்டியிருந்தால் அடுத்ததும் சிசேரியன்தான்.

தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூறு பிரசவத்தில் 44.9 சிசேரியன். எத்தனை வீட்டில் அந்த ஃபைல் பத்திரமா இருக்கும்னு தெரியலை. பிள்ளைத்தாய்ச்சி உள்ள வீட்டுக்காரங்க தேதி குறிச்சதும் கேட்கிறது "எத்தனை மணி நேரம் சாப்பிடக் கூடாது, முதுகுல ஊசி வலிக்குமா" இந்த ரெண்டும்தான். (திட உணவு ஆறு மணி நேரம், ஊசி சுருக்குனு இருக்குமாம், தங்கச்சி சொன்னது.) கிளம்பும்போது "உள்ளே எந்தப் பக்கம் வெட்டினீங்க, அதை எழுதியிருக்கீங்களா"ன்னும் கேட்டுடுங்க.

எங்க ஃபைல் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடைச்சது. எல்.எஸ்.சி.எஸ்.னு நாலு எழுத்து. கீழ்ப்பகுதி சிசேரியன் என்பதன் சுருக்கம், அதாவது கேரர் வெட்டு. அம்மா அதை லேமினேட் பண்ணி வெச்சிருக்காங்க.