எச்சிலும் தண்ணீரும்

என் ஆயா தனக்கு ஞானஸ்நானம் ஆன கதையை எப்போது கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்லும். சுதந்திரம் வந்த சமயம். சேரிப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேரை வரிசையாக நிறுத்தி வெள்ளைக்காரச் சாமியார் ஒருத்தர் ஞானஸ்நானம் கொடுத்தாராம். "நாக்குல உப்பு வச்சாரு. எச்சியத் தொட்டு காதுல மூக்குல தடவுனாரு. எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. அப்பறம் தலையப் புடிச்சி தண்ணி ஊத்துனாரு. ஊர்க்காரன் நம்மளத் தொட்டுட்டா ஊட்டுக்குப் போயி அவன் தலைய முழுவுவான். இந்த மனுசன் நம்மளத் தொட்டு, நம்ம தலைய முழுக்காட்னாரு. அதாண்டா ஞானஸ்நானம்."

எம்.ஏ. தமிழ் படித்து, இறையியல் புத்தகங்கள் சிலதையும் புரட்டிப் பார்த்தாகிவிட்டது. இதைவிடச் சரியான விளக்கம் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை.

இந்த நாட்டில் தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. தொட்டால் தீட்டு, முழுகினால் தீட்டு போகும் என்பது இங்கே சட்டம். முழுக்கு என்பது நம்மைத் தங்கள் உடம்பிலிருந்து கழுவித் தள்ள அவர்கள் வைத்திருந்த சடங்கு. 1927 மார்ச்சில் மகாடில் அம்பேத்கர் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதற்குப் பிறகு சாதி இந்துக்கள் 108 பானைகளில் சாணி, கோமியம், பால், தயிர் கலந்து ஊற்றி அந்தக் குளத்தைச் சுத்தம் செய்தார்கள். மாட்டு மூத்திரம் ஊற்றினால் சுத்தமாகிற தண்ணீர், மனிதக் கை பட்டால் அசுத்தமாகிறது. தமிழில் 'தலைமுழுகுவது' என்று ஒரு சொல் இருக்கிறது. ஒருத்தனோடு உறவே வேண்டாம் என்று ஆனபிறகு 'அவனைத் தலைமுழுகிட்டேன்' என்கிறோம். சாவு வீட்டிலிருந்து வந்த சொல். நம்மை இந்த ஊர் பலநூறு வருசமாகத் தலைமுழுகிக்கொண்டே இருக்கிறது.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் கிறிஸ்தவம் தன் தண்ணீரைக் கொண்டுவந்தது. 'பாப்டிசம்' என்பதன் கிரேக்க மூலச் சொல்லுக்கு அமிழ்த்துவது, முக்குவது என்றுதான் பொருள். ரோமருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் இதைச் சாவோடு சேர்த்துப் பேசுகிறார். தண்ணீருக்குள் போகிறவன் கிறிஸ்துவோடு செத்துப் புதைக்கப்படுகிறான், பிறகு புது மனிதனாக எழுகிறான் என்பது அவர் வாதம். கலாத்தியருக்கு எழுதும்போது இன்னும் வெளிப்படையாகவே பேசுகிறார். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குள் யூதன், கிரேக்கன், அடிமை, எசமான், ஆண், பெண் என்கிற பிரிவினை கிடையாது என்று அடித்துச் சொல்கிறார். இரண்டையும் சேர்த்து நம் பாஷையில் சொன்னால், பழைய பிறப்பைத் தலைமுழுகுவதுதான் ஞானஸ்நானம். கத்தோலிக்கர்கள் இப்போது 'திருமுழுக்கு' என்கிறார்கள். நல்ல சொல். ஆனால் எதை முழுகினோம் என்பதை வரலாற்றைத்தான் கேட்க வேண்டும்.

ஆயா சிரித்ததாகச் சொல்கிற அந்த எச்சிலுக்குப் பின்னால் நூறு வருச வழக்கு இருக்கிறது. ரோமாபுரி வரைக்கும் போன வழக்கு.

பழைய லத்தீன் முறையில் ஞானஸ்நானத்துக்கு முன்னால் சில சடங்குகள் உண்டு. குரு முகத்தில் மூச்சை ஊதுவார். நாக்கில் உப்பு வைப்பார். தன் எச்சிலை விரலில் தொட்டு காதிலும் மூக்கிலும் வைப்பார். மாற்கு சுவிசேஷத்தில் காது கேளாத, பேச வராத ஒருத்தனை இயேசு எச்சிலால் தொட்டுக் குணமாக்குகிறார். அந்த ஞாபகம்தான் இது. கடவுளின் மகன் துப்பலைத் தொட்டு மனிதன்மேல் வைக்கிறான். ஐரோப்பாவில் அதில் பிரச்சினை ஒன்றும் இல்லை. ஆனால் எச்சில் இலை, எச்சில் தம்ளர் என்று வாயிலிருந்து வருவதையெல்லாம் சாதியால் அளக்கிற மதுரையில்?

ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே பரதவக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு கோயில் இருந்தது. அதிலிருந்து ஒதுங்கி, காவி கட்டி, பூணூல் போட்டு, ராஜ சந்நியாசி என்று சொல்லிக்கொண்டு பிராமணர்களிடம் போனார். 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி, பூணூலும் குடுமியும் சந்தனமும் குளியலும் கிறிஸ்தவனுக்கு ஆகும் என்று அனுமதி கொடுத்தார். 1640இலிருந்து மற்ற சாதிகளுக்கென்று 'பண்டாரசாமிகள்' தனியாக வந்தார்கள். ஆக, சாதிக்குத் தகுந்த குருவை யேசு சபையே வகுத்துவிட்டது. உயர்சாதிக்காரன் அருவருப்பான் என்று ஞானஸ்நானத்தில் எச்சிலையும் மூச்சையும் விட்டுவிட்டார்கள். பறையர் வீட்டில் நோயாளி சாகக் கிடந்தாலும் உள்ளே நுழையத் தயங்கினார்கள். நுழைந்தது தெரிந்தால் மேல்சாதிக்காரன் கோயிலை விட்டுப் போய்விடுவானே!

நொபிலியைத் தமிழ் உரைநடைக்கு முன்னோடி என்று எங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சையில் நானும் அப்படியே எழுதி மார்க் வாங்கினேன். எச்சில் விஷயத்தை யாரும் சொல்லவில்லை.

பாப்பரசரின் தூதராக துர்னோன் என்பவர் 1703 கடைசியில் புதுச்சேரிக்கு வந்தார். அடுத்த வருசம் 16 பிரிவுகள் கொண்ட ஓர் ஆணையை வெளியிட்டார். ஞானஸ்நானத்தில் எச்சில், உப்பு, மூச்சு எதையும் விடக் கூடாது, பறையர் வீட்டு நோயாளியை வீட்டுக்குள்ளேயே போய்ப் பார்த்துத் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. துர்னோன் நமக்காகப் பேசினார் என்று நான் சொல்ல வரவில்லை. ரோமாபுரிச் சடங்கு கொஞ்சமும் பிசகக் கூடாது என்பதுதான் அவர் கவலை. அதே ஆணையில் நம் சனங்களின் மேளத்துக்கும் பழக்கவழக்கத்துக்கும் தடைகள் இருந்தன. இரண்டு வெள்ளைக்காரக் கூட்டங்கள் நம் காதில் எச்சில் வைக்கலாமா கூடாதா என்று நாற்பது வருசம் சண்டை போட்டன. காதுக்குச் சொந்தக்காரனை யாரும் கேட்கவில்லை.

முடிவு 1744இல் வந்தது. பதினான்காம் பெனடிக்ட் ஆணையை உறுதிப்படுத்தினார். பறையர் வீட்டுக்குள் போவதற்கு யேசு சபையார் ஒரு வழி சொன்னார்கள்: பறையர்களுக்கு மட்டும் என்று தனியாகச் சில குருக்களை ஒதுக்கிவிடுகிறோம். பாப்பரசர் ஏற்றுக்கொண்டார். தீண்டாமைக்குத் தீர்வு, தீண்டத்தகாதவர்களுக்குத் தனிச் சாமியார்! இந்த மூளை இன்றைக்கும் வேலை செய்கிறது. தனிக் கல்லறைத் தோட்டம், தனித் தேர், தனித் தெரு. ஞானஸ்நானத்தில் ஒன்றாகப் புதைக்கப்பட்டவர்களை நிஜமாகவே புதைக்கிறபோது நடுவில் சுவர் வைத்துப் புதைக்கிறார்கள். பவுல் வந்து பார்த்தால் எந்தப் பக்கம் போவார்?

புராட்டஸ்டன்ட்காரர்கள் சும்மா சிரிக்க வேண்டாம். சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலை 9. அடுத்த வருசம் மே 12ஆம் தேதி அந்த மிஷனின் முதல் ஞானஸ்நானம் நடந்தது. பெற்றவர்கள் ஐந்து அடிமைகள். இந்தியப் புராட்டஸ்டன்ட் சபையின் முதல் விசுவாசிகள் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்கள். இதை விழாக்களில் யாரும் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. முதல் அச்சுக்கூடம், முதல் புதிய ஏற்பாடு, முதல் பள்ளிக்கூடம் என்று பட்டியல் போடுவார்கள். அந்த ஐந்து பேரோடு தொடங்க மாட்டார்கள். தண்ணீர் பட்டால் அடிமை விடுதலையாகிவிடுவானோ என்கிற பயம் அந்தக் காலத்து எசமானர்களுக்கு இருந்தது. அமெரிக்காவில் வர்ஜீனியா காலனி 1667இல் சட்டமே போட்டது, ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமைதான் என்று. ஞானஸ்நானத்தின் அர்த்தம் எசமானனுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. புரிந்ததால்தான் சட்டம் போட்டான்.

அதே தரங்கம்பாடியில் இராஜநாயக்கன் என்று ஒருத்தர். 1700இல் பிறந்தவர், பறையர். தஞ்சாவூர் ராஜா படையில் சிப்பாய். கத்தோலிக்கக் குடும்பம். தரங்கம்பாடி அச்சில் வந்த தமிழ்ப் புத்தகத்தைத் தானே படித்துப் படித்து மிஷனுக்கு வந்து, உபதேசியாராகி, தஞ்சைப் பகுதியில் அடியும் மிரட்டலும் தாங்கிச் சபைகளைக் கட்டினார். 1733இல் ஆரோன் என்கிற வேளாளருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். அடுத்த ஆளைத் தேடியபோது இராஜநாயக்கன் பெயரும் பேசப்பட்டது. அவர் தகுதியைப் பற்றி மிஷனரிகளுக்குச் சந்தேகம் இல்லை. பறையர் கையால் நற்கருணை கொடுத்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்களுக்கு அந்த நற்கருணைமேலேயே மதிப்புப் போய்விடுமே என்றுதான் யோசித்தார்கள். 1741இல் பட்டம் தியோகுவுக்குப் போனது. இராஜநாயக்கன் 1771இல் உபதேசியாராகவே செத்தார். தண்ணீர் அவர் தலையில் பட்டது. அவர் கை மட்டும் காயவே இல்லை போலிருக்கிறது.

பிறகு வந்த கூட்ட ஞானஸ்நானங்களைப் பற்றி இங்கே நிறையப் பேச இடமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். 1876-78 பஞ்சத்துக்குப் பிறகும், 1890களில் செங்கல்பட்டுப் பக்கமும் சேரி சேரியாக மக்கள் ஞானஸ்நானம் கேட்டார்கள். உடனே 'அரிசிக் கிறிஸ்தவன்' என்று பெயர் வைத்தார்கள். மேல்சாதிக்காரன் மட்டும் வைத்த பெயர் இல்லை, மிஷனரிகளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. வயிற்றுக்கா ஆத்துமாவுக்கா என்று சோதித்துச் சோதித்துக் காக்கவைத்தார்கள். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையைப் படித்தால் தெரியும், குடியிருக்கிற மனையே மிராசுதாருக்குச் சொந்தம் என்று மிரட்டப்பட்ட சனங்கள் அவர்கள். நிலம், பள்ளிக்கூடம், மனு எழுதிக் கொடுக்க ஓர் ஆள், நிமிர்ந்து நிற்க ஓர் இடம். இதைக் கேட்டால் அது ஆத்துமா இல்லையா? பசியையும் மானத்தையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கிற வசதி நம் வீடுகளில் என்றைக்கு இருந்தது?

சபை இப்படி என்றால், சர்க்கார் வேறு மாதிரி. சபை 'நீ தண்ணீர் பட்ட பிறகும் பறையன்தான்' என்றது. சர்க்கார் 'தண்ணீர் பட்டதால் நீ பறையன் இல்லை' என்கிறது. 1950 ஆகஸ்டில் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக முடியாது என்றது. ஆயா தலையில் தண்ணீர் ஊற்றிச் சில வருசம்கூட ஆகியிருக்காது. சீக்கியர்களை 1956இலும் பௌத்தர்களை 1990இலும் சேர்த்தார்கள். நம் கதவு திறக்கவில்லை. சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஒரு கிறிஸ்தவர், மற்றவர்களுக்குக் கொடுத்த பங்க் கடை தனக்கு ஏன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று ஆதாரம் காட்டு என்று 1985இல் நீதிமன்றம் கேட்டது. கிறிஸ்தவன் ஆனதும் அவர் கையில் இருந்த ஊசியும் தோலும் மறைந்தா போயின? 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மூன்றாம் பத்தியையே எடுத்துவிடச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கு முடிந்தது. பட்டியல் சாதிச் சான்று கேட்டவர். கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்கு ஆன ஞானஸ்நானமும் அவருக்கு எதிராக நின்ற ஆதாரங்களில் ஒன்று.

மீட்புக்கு என்று எழுதிய பதிவேடு, சாட்சிக் கூண்டில் ஏறி நமக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

அதனால்தான் நம் வீடுகளில் ஆளுக்கு இரண்டு பெயர். கோயிலில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். எனக்கும் இருக்கிறது. கல்யாணத்துக்கு ஞானஸ்நானச் சான்று வாங்க எங்கள் பங்குக் கோயிலுக்குப் போனபோது பழைய பதிவேட்டை ஒரு நாள் முழுக்கப் புரட்டினேன். ஆயா தலைமுறையின் பக்கங்களில் பெயருக்குப் பக்கத்தில் சாதியை நல்ல மசியில், அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். பழைய மனிதனைப் புதைத்த நாளில், புதைத்தவர்களே அவன் சாதியைக் குறித்து வைத்துக்கொண்டார்கள்.

இப்போது என் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து எட்டு மாசம். இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. "கோயில் வேணாம்னு சொல்லல அண்ணா. அந்த நோட்டுல பேரு ஏறிடுச்சின்னா நாளைக்கி இவ படிப்புக்கு எவன் பதில் சொல்லுவான்?" என்கிறாள். பேர் எழுதாமல் தண்ணீர் மட்டும் ஊற்ற முடியுமா என்று சாமியாரிடம் கேட்டுப் பார்த்தோம். எழுதாமல் கொடுக்கச் சபைச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை.

ஆயாவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று மறைக்கல்வியில் படித்தது அதுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "பொண்ணுக்கு ஒண்ணும் ஆபத்து இல்லியே ஆயா" என்றேன். "இந்த ஊர்ல பொறந்திருக்குது, அப்பறம் இன்னாடா ஆபத்து வேணும்?" என்றது.

போன ஞாயிற்றுக்கிழமை காலில் போட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டியது ஆயாதான். கடைசிச் சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றும்போது மூன்று தடவையாகப் பிரித்து ஊற்றியது. வாய் முணுமுணுத்தது. தங்கச்சி துண்டோடு வாசலில் நின்றவள், உள்ளே அடுப்பில் ஏதோ வேலை இருக்கிற மாதிரி திரும்பிக்கொண்டாள். பிள்ளை தண்ணீருக்கு மூச்சு வாங்கி ஒரு தடவை வீரிட்டு, பிறகு ஆயா முகத்தைப் பார்த்துச் சிரித்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை.